செலவைக் கட்டுகிறவரின் பொறுப்பு
அமெரிக்காவின் ஓபியாய்டு துயரமும் மருத்துவக் காப்பீடும்: ஒரு பாடம்



இந்த இதழின் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அமெரிக்காவைச் சேர்ந்தது. வலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் தொடங்கி, அதை விட முடியாத நிலைக்கு வந்து, ஒரு நாள் மூச்சு அடங்கி மரித்துப்போகிறவர்களைப் பற்றியது அது. இப்படிப்பட்ட ஆபத்தில் இருப்பவருக்கு டாக்டர் உதவலாம், குடும்பம் உதவலாம், சபை உதவலாம் என்று நாம் அறிவோம். ஆனால் அவருடைய மருத்துவச் செலவைக் கட்டுகிற இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இதில் என்ன வேலை? அது உதவ முடியுமா? முடியும். எப்படி முடியும் என்பதையும், எந்த இடத்தில் அந்த உதவியே உபத்திரவமாக மாறிவிடும் என்பதையும் இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

இது தூரதேசத்துக் கதை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நம் வாசகர்களில் பலருக்கு அங்கே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தவிர, நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் இப்போது நோயாளி வந்தவுடன் காப்பீட்டு அட்டை உண்டா என்று கேட்கிறார்கள். செலவைக் கட்டுகிறவருக்கு நோயாளியிடத்தில் என்ன கடமை என்ற கேள்வி நமக்கும் உரியதே.

1. பின்னணி

ஓபியாய்டு என்பது அபினிலிருந்து எடுக்கப்படும் மருந்துகளுக்கும், அவற்றைப்போல வேலை செய்யும்படி தயாரிக்கப்படும் மருந்துகளுக்கும் பொதுவான பெயர். மார்ஃபின், கோடீன், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கடும் வலியைத் தணிப்பதில் இவற்றுக்கு இணை குறைவு. ஆனால் இவற்றுக்கு இரண்டு குணங்கள் உண்டு. நாளாக நாளாக உடல் இவற்றுக்குப் பழகி, அதே நிவாரணத்துக்கு அதிக அளவைக் கேட்கும். அளவு மீறினால் மூளையில் சுவாசத்தை நடத்தும் பகுதி மந்தப்பட்டு, உறங்குகிறவரைப்போலவே ஒருவர் மரித்துவிடுவார்.

1996-ஆம் ஆண்டு பர்டியூ ஃபார்மா என்ற நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடிமைப்படும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி அதைப் பரப்பினார்கள். மருந்தைப் பற்றித் தவறான எண்ணம் கொடுத்ததாக 2007-இல் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் வழக்கம் வேரூன்றிவிட்டது. 2012-இல் அந்நாட்டில் எழுதப்பட்ட ஓபியாய்டு மருந்துச் சீட்டுகள் 25 கோடிக்கும் மேல். நூறு பேருக்கு 81 சீட்டுகள் என்ற கணக்கு. பிறகு எல்லாரும் விழித்துக்கொண்டு குறைத்தார்கள். 2020-இல் அது ஏறக்குறைய 14 கோடியாக இறங்கியது.

ஆனால் சீட்டுகள் குறைந்த அதே ஆண்டுகளில் சாவுகள் கூடின. மாத்திரை கிடைக்காதவர்களில் சிலர் தெருவில் விற்கும் ஹெராயினை நாடினார்கள். பின்பு கள்ளத்தனமாகச் செய்யப்படும் ஃபென்டனில் சந்தையில் புகுந்தது; இன்று ஓபியாய்டு சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணம். 2022-இல் மட்டும் எல்லா வகைப் போதைமருந்துகளாலும் அளவு மீறி இறந்தவர்கள் ஏறக்குறைய 1,08,000 பேர். அவர்களில் சுமார் 82,000 பேரின் சாவில் ஓபியாய்டுக்குப் பங்கு இருந்தது. 2024-இல் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 80,000-ஆகக் குறைந்ததாக முதற்கட்டக் கணக்குகள் கூறுகின்றன. இது ஆறுதலான செய்தி. என்றாலும் எண்பதாயிரம் வீடுகளில் துக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதிலிருந்து நாம் முதலாவது கற்றுக்கொள்வது என்ன? மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்று, மனுஷரைக் காப்பாற்றுவது வேறு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. எல்லா ரசீதுகளும் வந்து சேரும் இடம்

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு தச்சர், வயது நாற்பத்தைந்து. வேலையில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. எலும்பு டாக்டர் ஆக்ஸிகோடோன் எழுதினார். வேலை போன கவலையில் உறக்கம் வரவில்லை. குடும்ப டாக்டர் மனப்பதற்றத்துக்கான மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். பல் பிடுங்கப் போன இடத்தில் பல் டாக்டர் இன்னொரு வலி மாத்திரை கொடுத்தார். ஓர் இரவு அவரை எழுப்ப முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து வேறொரு ஊரின் அவசரப் பிரிவில் சேர்த்தது; மறுநாள் வீடு திரும்பினார். அடுத்த வாரம் எலும்பு டாக்டரிடம் போனபோது, வெட்கத்தினால் அந்த இரவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. டாக்டர் பழைய சீட்டையே மறுபடியும் எழுதினார்.

இதில் யாரும் கெட்டவர் அல்ல. ஒவ்வொருவரும் தங்கள் முன் இருந்த தாளை மட்டும் பார்த்தார்கள். யார் எந்த மருந்து வாங்கினார் என்பதை டாக்டர்கள் பார்க்கும்படி மாநில அரசுகளின் பதிவேடுகள் உண்டு. ஆனால் அவை மருந்து வாங்கியதைக் காட்டுவதற்காக ஏற்பட்டவை. மருந்துக் கடை ரசீது, மூன்று டாக்டர்களின் ரசீது, ஆம்புலன்ஸ் ரசீது, அவசரப் பிரிவின் ரசீது ஆகிய அத்தனையும் ஒன்றாய் வந்து சேருகிற இடம் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகமே.

இது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு ஒரு சான்று உண்டு. நீண்ட நாள் ஓபியாய்டு எடுத்துவந்து, அளவு மீறி விழுந்து, உயிர் தப்பிய 2,848 பேரின் காப்பீட்டுக் கோப்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 2000 முதல் 2012 வரையிலான கோப்புகள் அவை. அவர்களில் 91 சதவீதம் பேருக்கு, சாவின் வாசல் வரை போய் வந்த பிறகும் ஓபியாய்டு மறுபடியும் எழுதப்பட்டிருந்தது. நடந்தது என்னவென்று பல டாக்டர்களுக்குத் தெரிந்தே இராது. ஆனால் அந்தச் செய்தி காப்பீட்டுக் கோப்பில் எழுதப்பட்டுத்தான் இருந்தது. அங்கிருந்துதானே ஆய்வாளர்கள் அதை எடுத்தார்கள்!

3. எந்த அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்?

நிறுவனங்கள் தங்கள் கோப்புகளில் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் பின்வருமாறு:

அ) முன்பு ஒருமுறை அளவு மீறி விழுந்து பிழைத்திருத்தல். இதுவே மிகப் பெரிய எச்சரிக்கை.

ஆ) ஓபியாய்டோடு பென்சோடயசெபைன் என்னும் பதற்ற மாத்திரைகளையும் சேர்த்து வாங்குதல். இரண்டும் சுவாசத்தை மந்தப்படுத்துபவை. 2016-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தச் சேர்க்கைக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிடச் செய்தது.

இ) பல டாக்டர்களிடமும் பல மருந்துக் கடைகளிலும் ஒரே வகை மருந்து பெறுதல்.

ஈ) நாளொன்றுக்கு எடுக்கும் அளவு உயர்ந்துகொண்டே போதல்.

உ) உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய், நுரையீரல் நோய், மனச்சோர்வு ஆகியவை கூடவே இருத்தல்.

ஊ) போதைச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியிருத்தல். பல வாரம் மருந்தைத் தொடாதிருந்த உடல் தன் பழக்கத்தை இழந்துவிடும். அப்போது பழைய அளவையே மறுபடி எடுத்தால் அது உயிரைப் பறிக்கும்.

இந்தக் கண்ணுக்கும் எல்லை உண்டு. ரொக்கம் கொடுத்து வாங்கியதும், தெருவில் வாங்கியதும் கோப்பில் வராது. மேலும், ஒருவருடைய மருந்துக் கணக்கு அவருடைய அந்தரங்கம். போதைச் சிகிச்சையின் பதிவுகளுக்கு அந்நாட்டில் தனிச் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. அங்கே பலருக்கும் காப்பீடு வேலை கொடுப்பவர் மூலமாகவே வருகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் காதுக்குப் போய்விடும் என்று பயந்தால் யார் சிகிச்சைக்கு வருவார்?

4. கண்ட பிறகு செய்ய வேண்டியவை

முதலாவது, டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நமது தச்சர் விஷயத்தில் எலும்பு டாக்டருக்கு ஒரு கடிதமோ தொலைபேசியோ போயிருந்தால் அந்த இரண்டாம் சீட்டு அப்படியே எழுதப்பட்டிராது. அதோடு, நிறுவனத்தில் பணிபுரியும் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் நோயாளியையே கூப்பிட்டுப் பேசலாம். “உங்கள் மாத்திரையை நிறுத்தப்போகிறோம்” என்று தொடங்கினால் அவர் தொலைபேசியை வைத்துவிடுவார். “அன்றிரவு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தீர்களே, இப்போது எப்படி இருக்கிறீர்கள்? வீட்டில் யார் துணை?” என்று தொடங்க வேண்டும். படுக்கையருகே உட்காருகிற எங்களைப் போன்றவர்களும் முதலில் கற்றுக்கொள்வது இதையே.

இரண்டாவது, வலிக்கு வேறு வழிகளையும் செலவில் சேர்க்க வேண்டும். மாத்திரைக்குச் சில டாலர். பன்னிரண்டு முறை பிசியோதெரபிக்கு ஒவ்வொரு முறையும் கையிலிருந்து பெருந்தொகை என்றால், கூலி வேலைக்காரர் எதைத் தெரிந்துகொள்வார்? உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும், மனநல ஆலோசனைக்கும், ஓபியாய்டு அல்லாத மருந்துகளுக்கும் நோயாளி கட்டும் பங்கைக் குறைப்பது இந்த வகையில் பெரிய உதவி.

மூன்றாவது, புதிதாகத் தொடங்குகிறவரிடத்தில் எச்சரிக்கை வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புளூ கிராஸ் புளூ ஷீல்டு நிறுவனம் 2012-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நீண்ட நாள் ஓபியாய்டு தேவைப்பட்டால் டாக்டர் ஆபத்தை மதிப்பிட்டு, நோயாளியோடு சிகிச்சை உடன்பாடு செய்து, முன் அனுமதி பெற வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் மூன்று ஆண்டுகளில் அதன் சந்தாதாரர்களுக்கு எழுதப்பட்ட ஓபியாய்டு சீட்டுகள் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தன. முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரின் மருந்துத் திட்டங்களில், புதிதாக ஓபியாய்டு தொடங்குகிறவருக்கு ஒரு தடவையில் ஏழு நாள் மருந்து என்ற வரம்பு 2019-இல் வந்தது. அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரை வீட்டுப் பிள்ளைகள் கைக்குப் போகாமலிருக்கவும் இது உதவும்.

நான்காவது, நலோக்ஸோன். அளவு மீறி மூச்சு அடங்குகிறவரின் மூக்கில் இதைப் பீய்ச்சினால், ஓபியாய்டு பிடித்திருக்கும் இடத்திலிருந்து அதை விலக்கி, சில நிமிடங்களில் மூச்சைத் திரும்ப வரவைக்கும். ஓபியாய்டு எடுக்காதவருக்குக் கொடுத்தாலும் தீங்கு செய்யாது. ஆனால் அதன் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே ஆம்புலன்சையும் உடனே அழைக்க வேண்டும். 2023 மார்ச்சில் இந்த ஸ்பிரேக்கு டாக்டர் சீட்டில்லாமல் விற்க அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இரண்டு டோஸ் கொண்ட பெட்டி சுமார் 45 டாலருக்குக் கடைகளுக்கு வந்தது. கஷ்டப்படும் குடும்பத்துக்கு 45 டாலர் சிறிய தொகை அல்ல. 2018 ஜனவரியில் ஏட்னா நிறுவனம் தன் பல சந்தாதாரர்களுக்கு நலோக்ஸோனுக்கான நோயாளியின் பங்கைத் தள்ளுபடி செய்தது. அதிக அளவு மருந்து எடுக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் இது இருக்கும்படி செய்வது காப்பீட்டாளர் கையில் இருக்கிற மிக எளிய உதவி. மயங்கிக் கிடப்பவர் தானே அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆகையால் வீட்டில் உள்ளவர்களுக்கும் அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, சிகிச்சையின் வாசலைத் திறந்து வைக்க வேண்டும். ஓபியாய்டுக்கு அடிமைப்பட்டவருக்கு மெதடோன், புப்ரெனார்ஃபின் என்ற இரண்டு மருந்துகள் நல்ல பலன் தருகின்றன. இவற்றைத் தொடர்ந்து எடுப்பவர்களின் சாவு விகிதம், எடுக்காதவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். சர்க்கரை நோயாளி அன்றாடம் இன்சுலின் போட்டுக்கொள்வதை நாம் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. சரியான அளவில் இவற்றை எடுப்பவர் மயக்கமின்றி வேலைக்குப் போகிறார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

ஆனால் முன்பு பல நிறுவனங்கள் புப்ரெனார்ஃபினுக்கு முன் அனுமதி கேட்டன. நடுங்கி, வியர்த்து, “இன்றைக்கு விட்டுவிடுகிறேன்” என்று ஒருவர் டாக்டரிடம் வருகிறார். அனுமதிக் கடிதம் வர மூன்று நாளாகும் என்றால், அந்த மூன்று நாளில் அவர் எங்கே இருப்பார்? வலி மாத்திரைக்குக் கேட்காத அனுமதியை, அதிலிருந்து விடுவிக்கும் மருந்துக்குக் கேட்பது எவ்வளவு தலைகீழான காரியம்! 2016, 2017 ஆண்டுகளில் சிக்னா, ஆன்தம், ஏட்னா ஆகிய பெரிய நிறுவனங்கள் இந்த நிபந்தனையை நீக்கின. மெடிகேர் 2020 முதல் மெதடோன் மையங்களின் சிகிச்சைக்கும் பணம் கட்டுகிறது. புப்ரெனார்ஃபின் எழுத டாக்டர்கள் தனி அனுமதி பெற வேண்டும் என்ற பழைய விதியும் 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தால் நீங்கியது. ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டில், வர்ஜீனியா மாநிலம் 2017 ஏப்ரலில் போதைச் சிகிச்சைக்குத் தனித் திட்டம் தொடங்கி, சிகிச்சை தருவோருக்கான கட்டணத்தையும் உயர்த்தியது. அதன் பின் சிகிச்சை பெறுவோர் தொகை பெருகியது. காகிதத்தில் காப்பீடு இருந்தும், அதை ஏற்றுக்கொள்ளும் டாக்டர் அறுபது மைலுக்குள் இல்லையென்றால் பயன் என்ன?

5. உதவி உபத்திரவமாகும் இடம்

இப்போது இந்தப் பாடத்தின் கடினமான பகுதிக்கு வருகிறோம். 2016-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் டாக்டர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான அளவுக்கு மேல் போவதைத் தவிர்க்கவும் என்று அது சொன்னது. புதிதாக மருந்து தொடங்கும் நோயாளியை மனதில் வைத்துச் சொன்ன ஆலோசனை அது. ஆனால் காப்பீட்டாளர்கள் உட்படப் பலர் அதை இரும்புச் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். பத்து வருஷமாக ஒரே அளவில் மருந்து எடுத்து, வேலைக்கும் போய்வந்த நோயாளிகளுக்குத் திடீரென்று மருந்து மறுக்கப்பட்டது.

அப்படி நிறுத்தினால் உடல் முழுவதும் வலி, வாந்தி, உறக்கமின்மை, தாங்கமுடியாத மனவேதனை. சிலர் தெருவுக்குப் போனார்கள். சிலர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 2019 ஏப்ரலில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இப்படித் திடீரென நிறுத்துவதால் தற்கொலை வரை கேடு நேர்ந்திருக்கிறது என்று பகிரங்கமாக எச்சரித்தது. வழிகாட்டியை எழுதியவர்களே அதே ஆண்டில் தங்கள் வார்த்தைகள் தவறாகப் பயன்படுத்தப்படுவதை எடுத்துக்காட்டினார்கள். 2022-இல் வெளிவந்த திருத்திய வழிகாட்டி, எந்த எண்ணையும் எல்லாருக்கும் பொதுவான வரம்பாக வைக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. குறைப்பதானால் நோயாளியின் சம்மதத்தோடு, மாதக்கணக்கில், மெதுவாகக் குறைக்க வேண்டும்.

புற்றுநோயால் அவதிப்படுகிறவருக்கும் மரணப்படுக்கையில் இருப்பவருக்கும் இந்தக் கட்டுப்பாடுகள் பொருந்தாது. இதை நாம் நன்றாய் அறிவோம். நம் நாட்டில் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால், புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதே நீண்ட காலம் அரிதாக இருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னும் நிலைமை முழுதும் மாறிவிடவில்லை. இரவெல்லாம் வலியால் கதறுகிறவரின் அருகில் நின்றவர்கள், மருந்தையே பகையாக எண்ண மாட்டார்கள்.

6. நிறுவனங்கள் ஏன் இதைச் செய்ய வேண்டும்?

காப்பீட்டு நிறுவனம் தர்ம ஸ்தாபனம் அல்ல. லாப நஷ்டம் பார்க்கும். சிகிச்சைக்குக் கட்டும் பணம், பிற்பாடு அவசரப் பிரிவுக்கும் ஐ.சி.யு.வுக்கும் கட்ட வேண்டியதை மிச்சப்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே வேலை மாறினால் காப்பீடும் மாறும். இன்று செலவு செய்தவர் ஒருவர், நாளை அதன் பலனை அனுபவிப்பவர் வேறொருவர் என்ற நிலையில் ஒவ்வொரு நிறுவனமும் தயங்கும். ஆகையால் சட்டம் தேவைப்பட்டது. மனநலத்துக்கும் போதைச் சிகிச்சைக்கும் மற்ற நோய்களைவிடக் கடுமையான நிபந்தனை வைக்கக் கூடாது என்று 2008-இல் ஒரு சட்டம் வந்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2014 முதல் தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் விற்கப்படும் காப்பீடுகளில் போதைச் சிகிச்சை கட்டாயமாக இடம்பெற வேண்டும். சட்டம் இருந்தும், அதை நடைமுறையில் பெறக் குடும்பங்கள் இன்னும் போராட வேண்டியிருக்கிறது.

நல்ல சமாரியனைப் பற்றிப் பேசும்போது நாம் காயம் கட்டிய கைகளையே அதிகம் நினைக்கிறோம். அவன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததையும், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாக ஏற்றுக்கொண்டதையும் அவ்வளவாய்க் கவனிப்பதில்லை. அவன் பணத்தைக் கட்டினதோடு நில்லாமல் திரும்பி வருவதாகவும் சொன்னான். செலவைக் கட்டுகிறவர் எவருக்கும், அது கம்பெனியானாலும் அரசானாலும், அந்த இரண்டும் சேர்ந்ததே பொறுப்பு. ரசீதில் ஆபத்தைக் கண்டவர் அந்த மனுஷரைத் தேடிச் சென்று விசாரிக்க வேண்டும். “அனுமதி இல்லை” என்று முத்திரை குத்திக் கோப்பை மூடிவிடலாகாது.

கலந்து பேச:

1. நமது உதாரணத்தில் வரும் தச்சர் ஏன் அந்த இரவைப் பற்றி டாக்டரிடம் சொல்லவில்லை? நம் சபையில் ஒருவர் இப்படிப்பட்ட காரியத்தை வெட்கமின்றிச் சொல்லக்கூடிய சூழ்நிலை இருக்கிறதா?

2. ஒருவருடைய அந்தரங்கத்தைக் காப்பதும் அவரை ஆபத்திலிருந்து காப்பதும் ஒன்றோடொன்று மோதும்போது, எதற்கு முதலிடம் கொடுப்பீர்கள்? ஏன்?

3. உங்கள் வீட்டு அலமாரியில் அறுவை சிகிச்சைக்குப் பின் மிஞ்சிய வலி மாத்திரைகள் உண்டா? அவற்றை என்ன செய்யப் போகிறீர்கள்?

4. அமெரிக்காவில் வசிக்கும் உங்கள் பிள்ளைகளோடு அடுத்த முறை பேசும்போது, அவர்களுடைய காப்பீட்டில் போதைச் சிகிச்சைக்கும் நலோக்ஸோனுக்கும் இடமுண்டா என்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். அடுத்த வீட்டாருக்குத் தேவைப்படலாம்.